வலது பக்கத்துக்காரி

அண்ணி குளியலறைத் தரையில் கிடந்தார். வாசலில் சிலிண்டர்காரர் மணியடித்துக்கொண்டிருந்தார்.

காலை பத்து மணி இருக்கும். என் வீட்டுக்காரர் நெய்து முடித்த சேலையைக் கொடுத்துவிட்டு வர சொசைட்டிக்குப் போயிருந்தார். பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எழுந்தபோது அண்ணியின் இடது கால் வழுக்கி, உட்கார்ந்த வாக்கில் சரிந்துவிட்டார். பெரிய அடி எதுவும் இல்லை. ஆனால் எழ முடியவில்லை. பாவாடை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. சோப்புத் தண்ணீர் அவர் முதுகுக்கு அடியில் ஓடிக்கொண்டிருந்தது.

அக்குளில் கை கொடுத்து இழுத்தேன். அவர் நகரவில்லை. என் கால்தான் வழுக்கியது. மறுபடி இழுத்தேன். மூச்சு வாங்கியது.

"யாரையும் கூப்பிடாத," என்றார் அண்ணி.

"அவரு வந்துடுவாரு அண்ணி."

"அவனையும் கூப்பிடாத. தம்பி முன்னாடி இப்படி கிடக்கறதுக்கு நான் செத்தே போவேன்."

அண்ணி என்று நான் கூப்பிடுவது என் வீட்டுக்காரரின் அக்காளை. போன வருஷம் அவருக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. பேச்சு திரும்பி வந்தது. வலது பக்கம் நன்றாக இருக்கிறது. இடது கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை.

பத்து நிமிஷம் அவர் அங்கேயே கிடந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு துண்டைப் போர்த்திவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மணிச் சத்தம் நிற்கவில்லை. கடைசியில் எழுந்துபோய்க் கதவைத் திறந்தேன்.

"இன்னாமா, எவ்ளோ நேரமா மணி அடிக்கறேன்," என்றார் முனுசாமி. எங்கள் தெருவுக்கு வருஷக்கணக்காக சிலிண்டர் போடுகிறவர். என் நனைந்த புடவையைப் பார்த்தார். "யாருனா வுழுந்துட்டாங்களா?"

நான் தலையை மட்டும் ஆட்டினேன். வெளி ஆண்களிடம் எனக்குப் பேச்சு வராது.

அவர் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே வந்தார். ஒரே தூக்கு. கட்டிலில் படுக்க வைத்தார். சிலிண்டரை அடுப்படியில் வைத்தார். திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். நல்ல மனுஷர், அவர்மேல் ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

அண்ணி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.  சாயங்காலம் சொன்னார்: "சிலிண்டர் தூக்கற கையால என்ன தூக்கினு வந்து போட்டுட்டான்."

வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

ஜன்னலுக்கு வெளியே ஈரம்

மறுநாளிலிருந்து அண்ணி தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார்.

எனக்கு அது உடனே தெரியவில்லை. தலைமாட்டில் எப்போதும் ஒரு சொம்புத் தண்ணீர் வைப்பேன். மத்தியானம் பார்த்தால் காலியாக இருக்கும். "குடிச்சீங்களா?" என்றால் "குடிச்சேன்" என்பார். நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ துணி உலர்த்தப் போனபோது ஜன்னலுக்குக் கீழே மண் ஈரமாக இருந்ததைப் பார்த்தேன். வெயில் கொளுத்துகிற மாசம். அந்த ஒரு இடம் மட்டும் சேறு.

உள்ளே வந்து கேட்டேன். அவர் மறைக்கவில்லை.

"குடிச்சா போவணும். போனா எழுப்பணும். உன்னால என்ன எழுப்ப முடியுமா?"



நீர் கழிக்கையில் எரிச்சல், பிறகு காய்ச்சல். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, இப்படியே தண்ணீர் குடிக்காமல் இருந்தால் மறுபடியும் படுக்கையில் சேர்த்துவிட வேண்டியிருக்கும் என்றார். அண்ணி நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார். வீட்டுக்கு வந்ததும், கஞ்சியும் மாத்திரைக்கு ஒரு மிடறும் தவிர, உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டார். உதடு வெடித்து அதில் இரத்தம் கோடு போட்டிருந்தது.

ஆள் வைக்கலாம் என்றார் என் வீட்டுக்காரர். "வேற ஒருத்தி வந்து என்ன தொட்டு தூக்குவாளா? வேணாம்," என்றார் அண்ணி. தம்பியும் தொடக் கூடாது. கட்டிலிலேயே பாத்திரம் வைத்துச் சமாளித்தோம், அதுவும் அவருக்கு அவமானம். மிச்சம் இருந்தது நான்தான்.

இதையெல்லாம் எழுதுவதற்குக் கூச்சமாக இருக்கிறது. அண்ணியிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதிக்கோ. நான் எத்தன கிலோன்னு மட்டும் எழுதாத," என்றார். அதனால் எழுதவில்லை. என்னைப் போல இரண்டு பேர் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

தார்க்குச்சி

கல்யாணமாகி நான் பிள்ளையார்பாளையத்துக்கு வந்த புதிதில் அண்ணிதான் தறியில் வலது பக்கம் உட்கார்ந்திருந்தார்.

கோர்வைச் சேலை நெய்ய ஒரு தறியில் இரண்டு பேர் வேண்டும். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். நெய்கிறவர் தறிக்குழியில் காலை விட்டு நடுவில் உட்காருவார். வலது பக்கக் கரைக்கு நாடாவை, அதாவது குறுக்கு நூலை ஓட்டும் கட்டையை, தள்ள இன்னொருவர் பக்கத்தில் உட்கார வேண்டும். வீட்டுக்காரர்கள் நெய்தால் பெண்டாட்டிகள் வலது பக்கம். எங்கள் வீட்டில் அதுவரை அக்காள்.

அண்ணி கல்யாணமாகி இரண்டே வருஷத்தில் புருஷனை இழந்து பிறந்த வீட்டுக்குத் திரும்பியவர். பதினைந்து வருஷம் தம்பியோடு உட்கார்ந்து நெய்திருக்கிறார். நான் வந்ததும் இடத்தைவிட்டு எழுந்து, என் மணிக்கட்டை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார்.

"நீ நாடாவ தள்ளுவியா, நாடா உன்ன தள்ளுமா?"

கூடத்தில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். அன்றைக்கே எனக்குத் 'தார்க்குச்சி' என்று பேர் வைத்துவிட்டார். ஊடை நூல் சுற்றி நாடாவுக்குள் வைக்கும் மெல்லிய குச்சி அது. இருபத்தைந்து வருஷமாக அந்தப் பேர்தான். என் மகள் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டார் முன்னாலேயே அப்படிக் கூப்பிட்டார்.

அவர் அப்படிச் சொல்லலாம். தெருக்குழாயிலிருந்து இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று என்று ஒரே நடையில் இரண்டு குடம் கொண்டுவருவார். என் மகளுக்கு நான்கு வயதிருக்கும்போது கருட சேவைக் கூட்டத்தில் அவளைத் தோளில் ஏற்றிக்கொண்டு, சாமி வந்து, நின்று, குடை திரும்பிப் போகிறவரை இறக்கவே இல்லை. பின்னால் இருந்தவர்கள் மறைக்கிறது என்று கத்தினார்கள். "உன் பிள்ளையையும் குடு, இந்தத் தோள் சும்மாதான் இருக்குது," என்றார் அண்ணி. கற்பூர வாசனையும் அவருடைய வியர்வை வாசனையும் இன்னும் என் மூக்கில் இருக்கின்றன.

அந்தத் தோளைத்தான் என்னால் தரையிலிருந்து தூக்க முடியவில்லை.

ரேஷன் கடைச் சுவர்

ரேஷன் கடைச் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். 'பெண்களுக்கு மட்டும். வலு கூட்டும் பயிற்சி. காலை ஐந்தரை முதல் ஆறரை வரை. எந்த வயதினரும் வரலாம்.' கீழே ஒரு டம்பெல் படம்.

மூன்று தடவை அரிசி வாங்கப்போய் மூன்று தடவையும் படித்தேன். நான்காவது தடவை அரிசி வாங்க வேண்டியிருக்கவில்லை. சும்மா போய்ப் படித்துவிட்டு வந்தேன். அந்த வாரமே சேர்ந்தேன். வீட்டில் "நடக்கப் போறேன்" என்று சொன்னேன்.

தையல் கடைக்கு மேலே ஒரு மாடி. ஏழு மணிக்கு மேல் ஆண்கள் வருகிற ஜிம் அது. சொல்லிக்கொடுத்தது கௌசல்யா என்கிற பெண். முசரவாக்கத்திலிருந்து ஸ்கூட்டியில் வருவாள். என் மகளைவிடச் சின்னவள். கல்லூரியில் எடை தூக்கும் போட்டிகளுக்குப் போனவளாம். நாங்கள் எல்லாரும் அவளை மிஸ் என்போம், அவள் எங்களை அக்கா என்பாள்.

முதல் நாள் உள்ளே நுழைந்ததும் ஜன்னல் கம்பியைப் பார்த்தேன். வரிசையாகப் புடவைகள் தொங்கின. எல்லாரும் தெருவில் புடவையோடு வந்து, மாடியேறியதும் அவிழ்த்துப் போட்டுவிட்டு, உள்ளே போட்டிருந்த பேண்ட்டோடு நிற்பார்கள். நானும் மகளுடைய பள்ளிக்கூட விளையாட்டுப் பேண்ட்டை உள்ளே போட்டுக்கொண்டுதான் போயிருந்தேன். நான் ஒருத்திதான் இப்படி யோசித்தேன் என்று நினைத்திருந்தேன்.

"எதுக்கு வந்தீங்கக்கா? எடை குறையணுமா?" என்றாள் கௌசல்யா.

பக்கத்தில் இருந்த ஒருத்தி என்னைப் பார்த்து, "இதுல குறைக்க இன்னாமா இருக்குது?" என்றாள்.

"ஒருத்தர தூக்கணும்," என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். கௌசல்யா சிரிக்கவில்லை. யாரை, எதிலிருந்து, எவ்வளவு உயரம் என்று கேட்டாள். கட்டிலிலிருந்தா, நாற்காலியிலிருந்தா என்று கேட்டாள். ஒரு நோட்டில் எழுதிக்கொண்டாள். என்னிடம் ஒரு விஷயத்தை இவ்வளவு அக்கறையாக யாரும் கேட்டதில்லை.

சொரசொரப்பு

முதல் இரண்டு வாரம் வெறும் கழிதான். உட்கார்ந்து எழுவது, குனிந்து எழுவது. வலது பக்கம் உட்காருகிறவர்களுக்கு மிதிகட்டை கிடையாது. அதனால் இருபத்தைந்து வருஷத்தில் என் காலுக்கு வேலையே இருந்ததில்லை. மூன்றாம் நாள் மாடிப்படியில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினேன்.

பிறகு இரும்பு. பார் என்கிற நீளக் கம்பியின் இரண்டு முனையிலும் சின்னச் சின்ன வட்டுகள். கையில் இரும்பு வாசனை சோறு சாப்பிடும்போதும் வந்தது.

ஒரு நாள் தறியில் என் வீட்டுக்காரர் கையை நிறுத்தினார்.

"இழை எதுலயோ மாட்டுது."

நான் கையை மடக்கிக்கொண்டேன். அவர் பிடித்து விரித்துப் பார்த்தார். விரல்களுக்குக் கீழே தோல் காய்த்து முண்டு முண்டாக இருந்தது. பட்டு இழைக்கு அது ஆகாது. பட்ட இடத்தில் பிசிறிவிடும்.

"நடக்கறதுக்கு கையால நடக்கறியா?"

சொல்லிவிட்டேன். எதற்கென்றும் சொன்னேன். அவர் நாடாவைத் தள்ளினார். மறுநாள் விடிகாலையில் நான் எழுவதற்கு முன்பே வாசல் தாழ்ப்பாளைத் திறந்து வைத்துவிட்டு வந்து படுத்துக்கொண்டார். குளியலறையில் ஒரு புது நுரைக்கல் இருந்தது, கை தேய்க்க.

தையல் கடைக்காரம்மா பழைய பாவாடைத் துணியில் எங்களுக்குக் கையுறை தைத்துக் கொடுத்தார். எங்களுக்கு என்றால், வகுப்பில் இருந்த மூன்று தறி வீட்டுப் பெண்களுக்கு.

யாரைக் கேக்கறீங்க?

எங்கள் மூன்று பேருக்கும் பொதுவாக இன்னொரு கோளாறும் இருந்தது. அதைக் கௌசல்யாதான் கண்டுபிடித்தாள்.

பாருக்கு முன்னால் நிற்போம். குனிவோம். பிடிப்போம். அப்படியே நிற்போம். தூக்க மாட்டோம்.

"தூக்குங்கக்கா."

சொன்னால் தூக்குவோம். அடுத்த தடவை மறுபடியும் அப்படியே நிற்போம்.

"யாரைக் கேக்கறீங்க? யாருனா வந்து சொல்லணுமா?" என்று ஒரு நாள் சலித்துக்கொண்டாள். "மத்த அக்காங்கல்லாம் தூக்கறாங்க இல்ல? நீங்க மூணு பேரு மட்டும் சிக்னல்ல நிக்கற மாதிரி நிக்கறீங்க."

நாங்கள் மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஒருத்திதான் முதலில் சிரித்தாள். "மிஸ், நாங்க மூணு பேரும் வலது பக்கம்."

கௌசல்யா விவசாய வீட்டுப் பெண். அவளுக்குப் புரியவில்லை. விளக்கிச் சொன்னோம். தறியில் நெய்கிறவர் தன் நாடாவைத் தள்ளிவிட்டு "ம்" என்பார். வாயைத் திறக்காத ஒரு சத்தம். அது கேட்டதும் வலது பக்கத்துக்காரி முன்னால் சாய்ந்து தன் நாடாவைத் தள்ள வேண்டும். அவசரப்பட்டு முன்னால் தள்ளினால் கரை கெட்டுப்போகும். ஒரு சேலைக்கு எத்தனை "ம்" என்று யாருக்குத் தெரியும். அடுப்படியில் இருக்கும்போதுகூட அந்தச் சத்தம் வந்தால் என் கை அசையும்.

"அப்போ இவ்ளோ வருஷத்துல நீங்க ஒரு தடவகூட 'ம்' சொன்னதில்லையா?" என்றாள் அவள்.

யோசித்துப் பார்த்தேன். சொன்னதில்லை.

அதன் பிறகு அவளே எங்களுக்காக "ம்" சொல்ல ஆரம்பித்தாள். மடமடவென்று தூக்கினோம்.

பார் பயப்படாது

மூன்று மாதத்துக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். என் எடை அளவுக்கு இரும்பைத் தரையிலிருந்து தூக்கினேன். அந்த வாரம் முனுசாமி சிலிண்டர் கொண்டுவந்தபோது வாசலிலேயே வாங்கி, இடுப்பில் சாய்த்து அடுப்படிக்குத் தூக்கிப் போனேன். அவர் வெற்றுக் கையோடு நின்றார்.

"அப்புறம் எனக்கு இன்னாமா வேல?" என்றார்.

அந்தத் தைரியத்தில் நேராக அண்ணியிடம் போனேன்.

கௌசல்யா சொல்லித் தந்தபடி அவரைக் கட்டில் ஓரத்தில் உட்கார வைத்து, இடுப்பில் அகலத் துண்டைச் சுற்றிக் கட்டினேன். எதிரே நின்று என் முழங்காலால் அவர் இடது முழங்காலை அணைத்துக்கொண்டேன். துண்டை இரண்டு பக்கமும் பிடித்தேன். தூக்கினேன்.

அண்ணி பின்னால் இழுத்தார். பயத்தில் முழு உடம்பையும் பின்னால் தள்ளினார். நான் அவர்மேலேயே விழுந்தேன். கட்டில் கிறீச்சிட்டது.

"விட்டுடு," என்றார். "ரெண்டு பேரும் சேந்து ஆஸ்பத்திரிக்கு போவ வேணாம்."

"இன்னொரு தடவ அண்ணி."

"விட்டுடுன்னேன் இல்ல?"

அவர் கண்களில் நீர் இருந்தது. அன்றைக்கு அவர் உதட்டைக்கூட நனைக்கவில்லை. டாக்டரம்மா மறுபடி வரச்சொன்ன நாளுக்கு ஒரு வாரம்தான் இருந்தது.

மறுநாள் வகுப்பில் புடவையைக்கூட அவிழ்க்காமல் உட்கார்ந்திருந்தேன். கௌசல்யா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நடந்ததைச் சொன்னேன்.

"பார் பயப்படாதுக்கா. அவங்க பயப்படறாங்க," என்றாள். "உக்காந்திருக்கறவங்க முன்னாடி சாஞ்சாதான் எழ முடியும். நீங்களே எழுந்து பாருங்க, மூக்கு முட்டிக்கு மேல வராம எழ முடியாது. அவங்களுக்கு முன்னாடி சாஞ்சா விழுந்துடுவோம்னு பயம். அதான் பின்னாடி போறாங்க." பிறகு கேட்டாள்: "நீங்க எப்ப தூக்கப்போறீங்கன்னு அவங்களுக்கு எப்படி தெரியும்? சொன்னீங்களா?"

"சொல்லல."

"ஒண்ணும் சொல்லாம தூக்கினீங்களா?"

வீட்டுக்கு நடந்து வருகிற வழியில் ஒவ்வொரு வீட்டிலும் தறிச் சத்தம் ஆரம்பித்திருந்தது. நடுநடுவே அந்த "ம்". பிறகு பக்கத்தில் ஒரு நாடா ஓடும் சத்தம். மூன்றாவது வீட்டு வாசலில் நின்றுவிட்டேன். அண்ணியும் பதினைந்து வருஷம் வலது பக்கம் உட்கார்ந்தவர்தானே.

அன்று காலை

என் வீட்டுக்காரர் கூடத்தில் தறியில் இருந்தார். தனியாகச் செய்யக்கூடிய வேலை ஏதோ பார்த்துக்கொண்டிருந்தார். நான் உள்ளறைக் கதவைச் சாத்தினேன்.

"திரும்ப ஆரம்பிச்சுட்டாளா," என்றார் அண்ணி, துண்டைப் பார்த்ததும்.

"ஒரே தடவ அண்ணி. முடியலன்னா இனிமே கேக்க மாட்டேன்."

அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. எழுப்பி உட்கார வைத்தேன். துண்டைக் கட்டினேன். காலைத் தரையில் சரியாக வைத்தேன். முழங்காலை அணைத்தேன். துண்டைப் பிடித்தேன். அவர் மூச்சு என் கழுத்தில் பட்டது. அவர் உடம்பு பின்னால் போக ஆரம்பித்திருந்தது.

சொல்ல வாயெடுத்தேன். நான்கு சுவருக்குள்தான். கேட்பதற்கு ஒரே ஒருத்தர்தான். ஆனாலும் அது என் வாயிலிருந்து வர வேண்டிய சத்தம் இல்லை என்று ஏதோ ஒன்று தடுத்தது.

"ம்," என்றேன்.

காற்றுதான் வந்தது. அண்ணி நிமிர்ந்து பார்த்தார்.

"ம்," என்றேன், இந்தத் தடவை சத்தமாக.

அண்ணி முன்னால் சாய்ந்தார். யோசித்துச் சாயவில்லை. தறியில் நாடாவுக்குச் சாய்கிற அதே சாய்வு. அவர் வலது கை முன்னால் நீண்டு என் தோளைப் பிடித்தது. அதே நேரத்தில் நான் காலை ஊன்றி நிமிர்ந்தேன். கனம் என் கையில் இல்லை, தொடையில் இருந்தது, பாதத்தில் இருந்தது. கட்டில் அவரை விட்டது.

நின்றோம். இரண்டு பேரும் நின்றோம்.

கூடத்தில் தறிச் சத்தம் நின்றுவிட்டது. "யாரு 'ம்' சொன்னது?" என்றார் என் வீட்டுக்காரர்.

"நீ உன் வேலய பாரு," என்று கத்தினார் அண்ணி. பிறகு என் காதருகில் மெல்ல, "தார்க்குச்சி, உன் கை நடுங்குதுடி," என்றார்.

"உங்க காலும்தான் அண்ணி."

சின்னச் சின்ன அடியாகத் திரும்பி, கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டிருந்த கழிப்பு நாற்காலிக்குப் போனோம். நான் சுவரைப் பார்த்து நின்றேன். முடிந்ததும் மறுபடி ஒரு "ம்". மறுபடி கட்டில். இந்த இரண்டாவது தடவை அவருக்குப் பயமே இல்லை. எனக்குத்தான் முதுகெல்லாம் வியர்த்து வழிந்தது.

கட்டிலில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். ஜன்னலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அந்த சொம்ப எடு."

எடுத்துக் கொடுத்தேன். அண்ணாந்து குடித்தார். வெடித்த உதட்டோரம் கொஞ்சம் வழிந்து கழுத்துக்கு இறங்கியது. துடைக்கவில்லை. கடக் கடக் என்று தொண்டை இறங்கி ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். காலிச் சொம்பை என்னிடம் நீட்டி, "இன்னொண்ணு," என்றார்.

அன்று மத்தியானச் சாப்பாட்டுக்குள் நான் இன்னும் எட்டுத் தடவை "ம்" சொல்ல வேண்டியிருந்தது.